மூச்சு வழியே மருந்து

காரைக்கால் பக்கத்தில் இருமல், இளைப்பு, தும்மல், தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்: ஈஸ்னோபீலியா. "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் பாதிப் பேர் வந்து உட்காருவார்கள். பல வருடங்களுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். அதில் ஈஸ்னோபில் என்ற வெள்ளையணுக்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருக்கும். அதைப் பார்த்து அன்றைக்கு யாரோ எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்றுவரை கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெயர் இங்கே இப்படி வேரூன்றியதற்கு நியாயமான காரணம் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் ஆரோக்கிய நிலையத்தைச் சேர்ந்த ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள், காசநோய் போலவே தோன்றும், ஆனால் காசநோய் அல்லாத ஒரு நுரையீரல் நோயைப் பற்றி 1940இல் எழுதினார்கள். ராத்திரியில் இருமல், இழுப்பு, மெலிவு. ரத்தத்தில் ஈஸ்னோபில் அணுக்கள் மலைபோல் ஏறியிருக்கும். 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு 'வெப்பமண்டல ஈஸ்னோபீலியா' என்று பெயர் கொடுத்தார். யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்ள, அவற்றை எதிர்த்து உடம்பு அளவு மீறிப் போராடுவதுதான் அந்த நோய் என்பது பின்னால் தெளிவாயிற்று. கும்பகோணம் தொடங்கி கடற்கரை வரைக்கும் யானைக்கால் பரவியிருந்த காலத்தில் காவிரி டெல்டா மருத்துவர்கள் இதை நிறையவே பார்த்திருக்கிறார்கள். 1947இல் வந்த டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் இருமல் நின்றுவிடும்.

இப்போது அந்த அசல் நோய் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈஸ்னோபில் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தால் நானும் அந்தத் திசையில் யோசிப்பேன். ஐந்நூறு, அறுநூறு என்று இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஆஸ்துமா, அல்லது ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்பு. பழைய பெயரைச் சொல்லிப் பழைய மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால் ஆஸ்துமா அடங்குவதில்லை. வருடக்கணக்கில் நுரையீரலைத்தான் இழக்கிறார்கள்.

என் கிளினிக் கோவில்பத்தில் இருக்கிறது. பார்வதீஸ்வரர் கோயில் உள்ள இந்த இடம்தான் சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல், மேற்கே வயல். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேட்டிலிருந்து மீனவர்கள் வருவார்கள். நெடுங்காடு, திருநள்ளாறு பக்கமிருந்து விவசாயிகள் வருவார்கள். எந்த மாதத்தில் யார் வருவார்கள் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஐப்பசி மழை பிடித்து, சுவரில் ஈரம் ஏறி, பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்ததும் பிள்ளைகளுக்கு இழுப்பு ஆரம்பிக்கும். போகிப் புகையில் முதியவர்கள் தவித்துப்போவார்கள். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும், நெல் தூசியில் நின்ற ஆட்கள் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். பூத்துக்கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் பலருக்கு ஆகாது. கொசுவத்தியை எல்லோரிடமும் மறக்காமல் விசாரிப்பேன். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால், அது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. குழந்தைக்கு வீசிங் என்று அழுகிற வீட்டில் தொட்டிலுக்கு அடியிலேயே சுருள் புகைந்துகொண்டிருக்கும். கொசுவலை கட்டுங்கள் என்பேன்.

ஆஸ்துமா வைத்தியத்தின் அடிப்படை எண்ணமே இந்த ஐம்பது அறுபது வருடத்தில் மாறிவிட்டது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, அதை விரித்துவிட்டால் போதும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1969இல் சால்பியூட்டமால் வந்தது. இழுத்த சில நிமிடத்தில் மூச்சு திறக்கும். அதைக் கண்ட நோயாளிக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் சுருக்கத்துக்குப் பின்னால் இருப்பது அழற்சி. குழாயின் உள்சுவர் சிவந்து வீங்கி, சளி கோத்து, எதைத் தொட்டாலும் சீறும் நிலையில் இருக்கிறது. இதைக் கிளப்பிவிடும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை 1960களில் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே, தெருகோ இஷிசாகாவும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாக அதை எட்டினார்கள். பூச்சி, மகரந்தம், இறால் என்று ஏதோ ஒன்றை எதிரியாக எண்ணி உடம்பு ஐஜிஇ தயாரித்து வைக்கிறது. அது மாஸ்ட் அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அதே பொருள் மறுபடி வந்தால் அந்த அணுக்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். மூக்கில் நடந்தால் அடுக்குத் தும்மல், தோலில் நடந்தால் காணாக்கடி, குழாயில் நடந்தால் இழுப்பு.

அழற்சியை அடக்கும் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1972இல் இன்ஹேலராக வந்தது. தினமும் சிறிதளவு இழுத்தால் நோய் கட்டுக்குள் இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர்தான் இந்தியர் என்றால், ஆஸ்துமாவால் இறப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இந்தியர்கள். இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மருந்தில்லாத நோயில் செத்தால் மனம் ஆறலாம். மாதம் சில நூறு ரூபாய் மருந்தில் அடங்கும் நோயில் சாகிறார்கள்.

நீல நிற இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதுதான் இதற்குப் பெரிய காரணம். அது விரிப்பானே தவிர அழற்சியைத் தொடுவதில்லை. வருடத்துக்கு மூன்றுக்கு மேல் காலி செய்கிறவருக்கு ஆபத்தான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று காலி செய்கிறவருக்கு உயிராபத்தே கூடுகிறது. உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா 2019இல் இதை உடைத்துச் சொன்னது: பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் விரிப்பானைத் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஸ்டீராய்டு அதோடு சேர்ந்தே போக வேண்டும். புடெசோனைடும் ஃபார்மோட்டிராலும் கலந்த ஒரே இன்ஹேலரைத் தினசரித் தடுப்புக்கும், இழுப்பு வரும்போது நிவாரணத்துக்கும் பயன்படுத்துகிற முறை அதிலிருந்து பரவியது. என் தொழில் வாழ்க்கையில் பார்த்த மாற்றங்களில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். ஆபத்து நேரத்தில் நோயாளியின் கை தானாக எதைத் தேடிப் போகிறதோ, அதிலேயே நோயை அடக்கும் மருந்தும் இருக்கிறது.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? அம்மாக்களின் முகத்தில் முதலில் பயம்தான் தெரியும்.

"இவளுக்குப் பன்னெண்டு வயசுதான் ஆவுது டாக்டரம்மா. இப்பவே மெஷின் வச்சா பழகிப் போயிடாதா? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா என்ன சொல்றது?"

"இழுப்பு வந்தப்போ கடையில வாங்கிக் கொடுத்தீங்களே, சின்ன வெள்ளை மாத்திரை, அது என்னம்மா?"

"அது மாத்திரைதானே."

அந்த வெள்ளை மாத்திரையும் ஸ்டீராய்டுதான். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் விழுங்கினால் அது 40,000 மைக்ரோகிராம். அத்தனையும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இன்ஹேலரில் ஒரு நாள் முழுவதற்கும் போவது 400 மைக்ரோகிராம். அதுவும் நேராக நுரையீரலுக்கு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவேன். மாத்திரையும் ஊசியும் அடிக்கடி போட்டதால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, கண்ணில் புரை விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக இன்ஹேலர் இழுத்ததால் அப்படி ஆனவரை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். கல்யாணக் கேள்விக்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை. அந்தப் பெண் நன்றாக மூச்சு விட்டு, ஓடி, படித்து, தூங்கி எழட்டும் என்பேன்.

பயம் தெளிந்தபின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. இழுக்கக் கற்றுக்கொடுப்பது. என் கிளினிக்கில் ஸ்டெதாஸ்கோப்பைவிட இதற்குத்தான் அதிக நேரம் போகிறது. நம் ஊரில் அதிகம் புழங்குவது கேப்சூலைப் போட்டுத் திருகி இழுக்கும் ரோட்டாஹேலர் வகை. அந்தக் கேப்சூலைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, "மருந்து கேக்கவே இல்லை" என்று வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கடையில் கேப்சூலைக் கொடுத்துக் கருவியைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டால் பாவம் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? சிலர் கருவிக்குள் மூச்சை ஊதுவார்கள். வாயின் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். சிலர் மெதுவாக இழுப்பார்கள். பொடி நாக்கோடு நின்றுவிடும். பொடி வகையை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், அழுத்தும் ஸ்ப்ரே வகையை மெதுவாக இழுக்க வேண்டும் என்ற வித்தியாசம் நோயாளிக்குப் பெரிய குழப்பம். இரண்டிலும் கடைசியில் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

கடலோர ஊருக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. கேப்சூல் புட்டியின் மூடியைச் சரியாகத் திருகாமல் ஜன்னலோரம் வைத்தால், மழைக் காலத்தில் நம் காற்றின் ஈரத்துக்குச் சில நாளிலேயே கேப்சூல் இளகி, உள்ளே பொடி உருண்டுவிடும். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவருக்குக் கார்த்திகையில் திடீரென்று இழுப்பு கூடினால், மருந்தளவைக் கூட்டுவதற்கு முன் அந்தப் புட்டியைத் திறந்து பார்ப்பேன்.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்ப்ரே வகையை ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடத்தோடுதான் கொடுக்க வேண்டும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் சேர்த்துச் செய்ய அவர்களுக்கு வராது. கூடத்துக்குள் அழுத்திவிட்டு நிதானமாக நாலைந்து மூச்சு எடுத்தால் போதும். மிதமான இழுப்புக்கு ஸ்பேசர் வழியாகக் கொடுக்கும் மருந்து, ஆவி வைக்கும் நெபுலைசருக்கு ஈடாகவே வேலை செய்கிறது. ஆனாலும் ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அப்பாவுக்குப் புகை கிளம்பும் மெஷினைப் பார்த்தால்தான் மனம் நிம்மதியாகிறது.

அந்த நெபுலைசரில் ஊற்றும் மருந்துக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தை இனச் செடி ஒன்றின் புகையை இழுத்தால் இளைப்பு தணியும் என்று சொல்லிவந்தார். அதைக் கற்ற ஜெனரல் ஜென்ட் 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஊமத்தை சிகரெட் ஐரோப்பா முழுக்கப் பரவி, நூறு வருடத்துக்கு மேல் ஆஸ்துமாவுக்கு அதைத்தான் புகைத்தார்கள். ஊமத்தையில் இருப்பது அட்ரோப்பின் வகை நஞ்சு. அதன் மூலக்கூறைத் திருத்தி, ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி செய்ததுதான் இன்று அவசரப் பிரிவுகளில் சால்பியூட்டமாலோடு கலக்கும் இப்ரட்ரோப்பியம். இளைப்புக்கான இன்னொரு மூலிகையான நஞ்சறுப்பான் கொடியின் இலையை டெல்லி வல்லபாய் படேல் நெஞ்சக நிறுவனத்தின் சிவ்புரி 1960களின் கடைசியில் முறையாகச் சோதித்து, பலன் இருப்பதாக எழுதினார். பின்னால் வந்த சோதனைகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. நாட்டு மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லும் நோயாளியை நான் கடிந்துகொள்வதில்லை. தூதுவளை ரசம் தாராளமாக வையுங்கள், இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பேன். ஊமத்தையை மட்டும் யாரும் வீட்டில் தொடக் கூடாது. அளவு பிசகினால் மனம் பேதலிக்கும், உயிரே போகும்.

ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வருகிறேன். கத்தரிக்காய், துவரம்பருப்பு, கோதுமை, பால், முட்டை என்று நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை ஒரே ரத்தத்தில் பார்த்து, பாதிக்குச் சிவப்பு மை அடித்த பட்டியலோடு வருகிறார்கள். அதை நம்பி எல்லாவற்றையும் நிறுத்திய பிள்ளை எலும்பும் தோலுமாக நிற்கும். ரத்தத்தில் ஐஜிஇ இருப்பதால் மட்டுமே ஒருவருக்கு ஒவ்வாமை என்று ஆகிவிடாது. அதைச் சாப்பிட்டபோது உடம்பு என்ன செய்தது என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே விலக்கி வைப்பது தீமையாகவும் முடியலாம். வேர்க்கடலை ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை கொடுத்து வந்தால் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று கிடியன் லாக் குழுவினரின் 2015ஆம் ஆண்டு லண்டன் ஆய்வு காட்டியது. கதையை முழுக்கக் கேட்டு, சந்தேகப்படும் சில பொருள்களை மட்டும் முன்கையில் ஊசி முனையால் சோதித்தால் போதும். பெரும்பாலும் இங்கே தோல் தடிப்பது தூசிப் பூச்சிக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர் மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழ்கிறது. டெல்டா அதற்குச் சொர்க்கம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை நல்ல சூடான வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாய் நல்லது.

தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சி, இறால், நண்டு எல்லாவற்றிலும் ட்ரோப்போமயோசின் என்ற ஒரே சாயலுள்ள தசைப் புரதம் இருக்கிறது. அதனால் பூச்சி ஒவ்வாமை உள்ள சிலருக்கு இறாலும் ஆகாது. மீனுக்கு இது பொருந்தாது. மீனின் புரதம் வேறு. இறால் ஆகாதவர் வஞ்சிரத்தையும் சங்கராவையும் பயந்து விட வேண்டியதில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. ஐஸ் போதாமல் கிடந்த சூரையோ கானாங்கெளுத்தியோ சாப்பிட்ட அரை மணியில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலை வலித்தால் அது ஒவ்வாமை இல்லை. மீனிலேயே ஹிஸ்டமின் ஊறிவிட்டது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. அந்த வீட்டுக்கு வாழ்நாள் பத்தியம் தேவையில்லை. அன்றைய மீன்தான் கெட்டது.

உயிர் போகிற ஒவ்வாமையை இங்கே கதண்டு கொடுக்கிறது. தென்னையிலும் பனையிலும் கூடு கட்டியிருக்கும் அந்தக் குளவிகள் கொட்டிச் சிலர் அங்கேயே சாய்ந்துவிடுகிறார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மல், மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்று வந்தால் அது அனாஃபிலாக்சிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின். ஒரு மில்லி ஆம்பூலில் ஒரு மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கு அதில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். குழந்தைக்கு எடைக்கு ஏற்பக் குறையும். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடலாம். ஏவில், டெகாட்ரான் போன்ற மற்ற ஊசிகள் பின்னால் வரட்டும். அவை குரல்வளை வீக்கத்தை நேரத்துக்கு இறக்காது. அட்ரினலின் என்றாலே இதயத்துக்கு ஆபத்து என்று தயங்கி நிமிடங்களை விட்டுவிடுகிற பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதனால் போன உயிர்களை நான் அறிவேன். தானே குத்திக்கொள்ளும் பேனா வகை நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்ப்ரேக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது. அது இங்கே வரும்வரை, சில பத்து ரூபாய் ஆம்பூலும் ஒரு சிரிஞ்சும் ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

புதிய சிகிச்சைகள் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆகாத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் முறை 1911இல் லண்டனில் லியனார்ட் நூன் தொடங்கியது. இப்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்தாகவும் கிடைக்கிறது. குறைந்தது மூன்று வருடம் விடாமல் எடுக்க வேண்டும். தூசிப் பூச்சிக்கு மூக்கு ஒழுகித் தவிக்கும் இளவயதினருக்கு நன்றாகப் பயன்படுகிறது. இழுப்பு கட்டுக்குள் இல்லாதவருக்கு அதைத் தொடங்கவே கூடாது.

ஐஜிஇயைப் பிடித்துக் கட்டும் ஓமலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் நாள்பட்ட காணாக்கடிக்கும், 2024இல் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதி விரிந்தது. ஈஸ்னோபில் அணுக்களைக் குறிவைக்கும் மெப்போலிசுமாப் 2015இல் வந்தது. கரப்பான் என்ற தோல் நோய்க்கு 2017இல் வந்த டுபிலுமாப் அடுத்த வருடமே ஆஸ்துமாவுக்கும் வந்தது. எத்தனை மருந்து கொடுத்தும் மாதாமாதம் ஆஸ்பத்திரியில் படுத்த ஒருவர், இந்த ஊசிகளில் ஒன்றைத் தொடங்கியபின் மாடிப்படி ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ஆனால் மாதம் பல ஆயிரம் ரூபாய் செலவாகும் அந்த ஊசி தேவைப்படுவது ஆஸ்துமாக்காரர்களில் மிகச் சிலருக்குத்தான். 'இன்ஹேலர் கேட்கவில்லை' என்று என்னிடம் அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, இழுக்கும் விதத்தைத் திருத்தி ஒழுங்காக எடுக்கவைத்தாலே கேட்டுவிடுகிறது.

புடெசோனைடு நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பது கிராமத்துச் சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் எல்லா நாளும் இருக்க வேண்டும். ஸ்பேசரும் கூடவே இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது நோயாளிகளின் உரிமை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையும் கேப்சூல் புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். வீட்டில் நீல இன்ஹேலர் மட்டும்தான் இருக்கிறது என்றால், தடுப்பு மருந்து ஏன் இல்லை என்று தயங்காமல் கேளுங்கள்.